கினுயோ தனாக்காவுக்கு

அன்புள்ள கினுயோ தனாக்கா அவர்களுக்கு,

உங்கள் குடும்பப் பெயரின் வாலில் எங்கள் 'அக்கா' ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன். ஜப்பானிய நடிகையாகவும் இயக்குநராகவும் இருந்து 1977இல் மறைந்தவருக்குக் கடிதம் போய்ச் சேராது என்பது தெரியும்.

இயக்குநர் மிசோகுச்சி 1949இல் எடுத்த 'என் காதல் எரிகிறது' படத்தை நேற்று மறுபடியும் பார்த்தேன். ஜப்பானியப் பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டு அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதனாலோ என்னவோ, பிரசார வாடை கொஞ்சம் தூக்கல்தான். கதை 1880களில் நடக்கிறது. ஒகயாமாவிலிருந்து டோக்கியோ வந்து சுதந்திரக் கட்சியில் சேரும் எய்கோவாக நீங்கள். தலைவர் ஒமோய் மேடையில் சமத்துவம் முழங்குகிறார். வீட்டில் பணிப்பெண் சியோவையும் ஆசைநாயகியாக வைத்துக்கொள்கிறார். நீங்கள் கேட்டால், அவள் வெறும் வேலைக்காரிதானே என்று சமாதானம் சொல்கிறார். நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறீர்கள். ரயிலில் சியோ வந்து சேர, உங்கள் சால்வையை விரித்து அவளையும் உள்ளே இழுத்துக்கொள்கிறீர்கள். மேடைப் பேச்சுகள் எல்லாம் மறந்துவிட்டன. அந்தச் சால்வை மறக்கவில்லை.

1952இல் 'ஒஹாருவின் வாழ்க்கை'. அரண்மனையிலிருந்து தெருவரை ஒரு பெண் சரிவதை உங்கள் நடையிலேயே காட்டினீர்கள். அந்தப் படம்தான் மிசோகுச்சிக்கு வெனிஸ் திரைப்பட விழாவில் பெயர் வாங்கித் தந்தது.

ஆனால் நீங்களே இயக்குநரானபோது, இரண்டாவது படத்துக்குக் குறுக்கே நின்றவர் இயக்குநர் சங்கத் தலைவராக இருந்த அதே மிசோகுச்சி. பெண்ணின் துயரத்தை அவ்வளவு துல்லியமாகக் கண்டவருக்கு, கேமராவின் பின்னால் ஒரு பெண் நிற்பது பொறுக்கவில்லை. ஒமோயை அவர் எங்கே பார்த்தார் என்று இப்போது புரிகிறது. இன்னொரு பெரிய இயக்குநரான ஓசு திரைக்கதை கொடுத்துக் கைகொடுத்தார். 1955இல் படம் வந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது உங்கள் கடைசிப் படமான 'ஒகின்'. ஆண்டு 1962, கதையோ பதினாறாம் நூற்றாண்டு. அதிகாரம் படைத்தவனின் ஆசைக்கு இணங்காத ஒரு பெண்ணைக் குதிரைமேல் கட்டிக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கதாநாயகி ஒகின் அவளையே பார்த்து நிற்கிறாள். கட்டுண்டவளாக வந்துபோகிறவர் கெய்கோ கிஷி, பார்த்து நிற்பவர் இனேகோ அரிமா. அவர்கள் யோஷிகோ குகாவுடன் சேர்ந்து தொடங்கிய 'நின்ஜின் கிளப்' நிறுவனம்தான் படத்தையும் தயாரித்தது. முதலாளியும் பெண்கள், இயக்குநரும் பெண்!

மிசோகுச்சி 1956இலேயே போய்விட்டார். இந்தக் காட்சியை அவருக்குப் போட்டுக் காட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு அற்ப ஆசை. உங்களுக்கும் இருந்ததா அக்கா?

அன்புடன்,
ஒரு தங்கை