அது விசிறி இல்லையாம்

கொசப்பேட்டை, வேலூர்

அன்புள்ள சரவணனுக்கு அப்பா எழுதுவது. நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. வெயில்தான் இப்பவே மண்டையைப் பிளக்கிறது.

ஜெர்மனி முனிக்கிலிருந்து நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே, உன்னை இல்லை. உனக்குப் பின்னால் பறந்த கொடியை. மேலே வெள்ளை, கீழே நீலம். எங்கேயோ அடித்த நிறமாச்சே என்று யோசித்தேன். அப்புறம்தான் பிஎம்டபிள்யூ கார் சின்னம் ஞாபகம் வந்தது.

உனக்கு ஏழெட்டு வயசு. ஒரு ஆட்டோக்காரர் வண்டிக்குப் பின்னால் அந்தச் சின்னம் வேண்டும் என்று வந்து நின்றார். நூலின் ஒரு முனையைக் கட்டை விரலால் அழுத்தி, மறுமுனையில் சாக்பீஸ் கட்டி வட்டம் போட்டேன். நாலு பாகம், இடது மேலும் வலது கீழும் நீலம், மற்ற இரண்டும் வெள்ளை. எனாமல் டின்னைப் பிடித்துக்கொண்டு "இது என்னப்பா?" என்றாய். விமானத்து விசிறி சுத்துதுடா, நடுவில் வானம் தெரியுது என்றேன். எனக்குச் சொன்னவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

தப்பாகச் சொல்லிவிட்டேன். இல்லை என்று அந்தக் கம்பெனியே எழுதியிருப்பதை இப்போதுதான் படித்தேன். சின்னம் பதிவானது 1917 அக்டோபரில். ராப் என்ற விமான இன்ஜின் கம்பெனி பெயர் மாறி பிஎம்டபிள்யூ ஆன வருஷம் அது. ராப் சின்னத்தின் வட்டத்தை வைத்துக்கொண்டு, நடுவில் இருந்த குதிரைத் தலையை எடுத்துவிட்டு, முனிக் இருக்கிற பவேரியா மாநிலத்தின் வெள்ளையையும் நீலத்தையும் போட்டார்கள். விசிறி 12 வருஷம் கழித்துத்தான் வந்தது. 1929-ல் விமான இன்ஜின் விளம்பரம் ஒன்றில், சுற்றுகிற விசிறிக்குள் சின்னத்தை வைத்து வரைந்தார்கள். வரைந்தவன் கெட்டிக்காரன், கதை அப்படியே ஒட்டிக்கொண்டது.

எனக்குப் பிடித்தது வேறு. மாநிலச் சின்னத்தை வியாபார முத்திரையில் போடக் கூடாது என்று அன்றைக்கு அங்கே சட்டம். அதனால் நிறத்தை விடாமல் வரிசையை மட்டும் மாற்றினார்கள். இடது மேலிலிருந்து கடிகாரச் சுற்றாகப் படிக்கணுமாம். பவேரியாவுக்கு வெள்ளை முதலில். இதில் நீலம் முதலில். அவ்வளவுதான், சட்டமும் ஒன்றும் சொல்ல முடியாது.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்று என்னைக் கேள். ஒரு தேர்தலில் காட்பாடிப் பக்கம் ஒரு சுவர் முழுக்கக் கட்சிக் கொடியை மேல்கீழாக அடித்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகச் சுண்ணாம்பு பூசி மறுபடி அடித்தேன். கூலி ஒன்றுதான், பெயிண்ட் இரண்டு பங்கு. நீயும் டார்ச் பிடித்தாய், தூங்கி வழிந்துகொண்டே.

சரி, அந்தக் கொடியை மட்டும் கிட்டப் போய் இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பு. இதில் வெயில் பட்டு வெளுத்துத் தெரிகிறது. நான் அன்றைக்கு அடித்த நீலம் கொஞ்சம் அடர்த்தியோ என்று சந்தேகம்.

அப்பா