கனவை மட்டும் போட்டுட்டு செக்கை விட்டுட்டீங்களே சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

ஜனவரி இதழ்ல, அமெரிக்காவுல கருப்பின மக்களோட உரிமைக்காகப் போராடின மார்ட்டின் லூதர் கிங் பத்தி ஒரு பக்கம் வந்திருந்துச்சு. பாத்ததும் சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா நான் இருக்குறது மெம்பிஸ்ல, அவரைச் சுட்ட அதே ஊர்ல. ஆனா படிச்சு முடிச்சா பருப்பு போடாத சாம்பார் மாதிரி இருக்கு. நல்ல மனுஷன் ஒருத்தர் கனவு கண்டாரு, அமெரிக்க அரசாங்கம் மெச்சிக்கிட்டு லீவு விட்டுச்சு, அவ்ளோதான். முதல்ல ஒரு திருத்தம். லீவு நீங்க போட்ட மாதிரி ஜனவரி 15 இல்ல சார், அது அவர் பொறந்த நாள் (1929, அட்லாண்டா). லீவு ஜனவரி மூணாவது திங்கட்கிழமை.

எனக்கு ஒரு கனவு இருக்குன்னு அவர் பேசின அந்த பேச்சையே எடுத்துக்கோங்க. 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன்ல ரெண்டரை லட்சம் பேர். அந்த பேரணியோட பேரே வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி, அதுலயும் வேலைதான் முதல்ல வரும். கிங் பேச்சுல முதல்ல வந்தது கனவு இல்ல, பவுன்ஸ் ஆன செக். இந்த நாடு கருப்பின மக்களுக்கு ஒரு செக் குடுத்துச்சு, அது அக்கவுண்ட்ல பணம் இல்லைன்னு திரும்பி வந்துடுச்சு, அதை மாத்தத்தான் வந்திருக்கோம்னு சொன்னாரு. கனவு விஷயம் அன்னைக்கு எழுதி வெச்ச பேச்சுலயே இல்ல, பாடகி மஹாலியா ஜாக்சன் பக்கத்துல இருந்து கனவைப் பத்தி சொல்லுங்கன்னு குரல் குடுத்த பிறகு வந்தது. இப்ப எல்லாரும் கனவை வெச்சுக்கிட்டாங்க, செக்கை யாரும் பேசுறதில்ல.

லீவும் சும்மா வந்துடல. அவர் செத்து நாலாவது நாளே ஜான் கான்யர்ஸ்னு ஒரு எம்.பி. மசோதா கொண்டு வந்தாரு, 1979-ல ஓட்டெடுப்புல அஞ்சு ஓட்டு குறைஞ்சு போச்சு. அப்புறம் பாடகர் ஸ்டீவி வொண்டர் அந்த லீவைக் கேட்டு பாட்டு போட்டாரு, கிங்கோட மனைவி கொரெட்டா ஊர் ஊரா அலைஞ்சாங்க, லட்சக்கணக்குல கையெழுத்து வாங்கினாங்க, 1983 நவம்பர்லதான் ஜனாதிபதி ரீகன் கையெழுத்துப் போட்டாரு, முதல் லீவு 1986. அரிசோனா ஜனங்க 1990-ல ஓட்டு போட்டு வேணாம்னுட்டாங்க, அதுக்கு அந்த ஸ்டேட்டுக்கு வர வேண்டிய சூப்பர் பவுல், அதான் அமெரிக்கன் ஃபுட்பால் ஃபைனல் மேட்ச்சே கைய விட்டுப் போச்சு. அலபாமா, மிசிசிப்பில இன்னைக்கும் அதே திங்கட்கிழமை உள்நாட்டுப் போர்ல அடிமை முறைக்காக சண்டை போட்ட பக்கத்தோட தளபதி ராபர்ட் லீக்கும் சேத்து லீவு! இதுல மெச்சிக்கிட்டது எங்க சார்?

நீங்க ஒரு வரி கூட எழுதாத விஷயத்துக்கு வரேன். அவர் ஏன் மெம்பிஸ் வந்தாரு? குப்பை அள்ளுறவங்களுக்காக வந்தாரு. 1968 பிப்ரவரி 1, கொட்டுற மழை, எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர்னு ரெண்டு பேர் ஒதுங்க வேற இடம் இல்லாம குப்பை லாரியோட பின்பக்கம் ஏறி நின்னாங்க, குப்பையை நசுக்குற மெஷின் தானா ஓடி ரெண்டு பேரையும் உள்ள இழுத்துடுச்சு. ரொம்ப நாளாவே பழைய வண்டியை மாத்துங்கன்னு தொழிலாளிங்க கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. பிப்ரவரி 12 ஸ்ட்ரைக், 1,300 பேர், எல்லாருமே கருப்பினத்தவங்க. மேயர் மசியல. கழுத்துல நானும் மனுஷன்னு ஒரே ஒரு வரி அட்டையை மாட்டிக்கிட்டு தினம் நடந்தாங்க. சம்பளம் எவ்ளோ கேவலம்னா முழு நேரம் வேலை பாத்தும் அரசாங்க உதவில சாப்பிட வேண்டிய குடும்பங்க இருந்துச்சு.

அப்ப கிங்குக்கு வேற வேலை தலைக்கு மேல, நாடு முழுக்க ஏழைங்களைத் திரட்டி தலைநகர்ல உக்கார வைக்கிற திட்டம். கூட இருந்தவங்களே போகாதீங்கன்னாங்க. ஒரு வருஷம் முன்னாடி வியட்நாம் போரை எதிர்த்துப் பேசினதுல பெரிய பேப்பர்காரங்களே திட்டித் தீத்திருந்தாங்க, அதுக்கும் முன்னாடி 1966-லயே கேலப்ங்கற கம்பெனி எடுத்த கருத்துக்கணிப்புல 63 சதவீதம் பேருக்கு அவரைப் பிடிக்கல. இருந்தும் வந்தாரு. மார்ச் 28 பேரணி கலவரமாயி 16 வயசு பையன் ஒருத்தன் போலீஸ் சுட்டு செத்தான், அதுக்கப்புறமும் திரும்பி வந்தாரு. ஏப்ரல் 4 சாயங்காலம் 6:01-க்கு லொரெய்ன் மோட்டல் 306-ம் ரூம் பால்கனில சுட்டுட்டாங்க. வயசு 39.

நம்ம பத்திரிகைங்கறதால இன்னொண்ணு. 1959-ல இந்தியா வந்தப்ப கன்னியாகுமரி வரைக்கும் வந்திருக்காரு. திருவனந்தபுரத்துல தலித் பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல அவரை அமெரிக்காவுல இருந்து வந்திருக்குற தீண்டத்தகாதவர்னு அறிமுகம் பண்ணாங்களாம். முதல்ல சுருக்குன்னு இருந்துச்சு, அப்புறம் அமெரிக்காவுல சேரில அடைபட்டுக் கிடக்குற எங்க சனத்தை நினைச்சேன், ஆமா நானும் தீண்டத்தகாதவன்தான்னு தோணுச்சுன்னு 1965-ல அட்லாண்டா சர்ச்சுல அவரே சொன்னாரு. இதை விட்டுட்டு எப்படி சார் தமிழ்ல கட்டுரை எழுதுறது?

அந்த மோட்டல் இப்ப மியூசியம். போன மாசம் பையனைக் கூட்டிட்டுப் போனேன், உள்ள ஒரு குப்பை லாரி நிக்குது, அவன் பால்கனியை விட அந்த லாரிகிட்டதான் ரொம்ப நேரம் நின்னான். கிங் செத்து பன்னெண்டாவது நாள் நகராட்சி இறங்கி வந்துச்சு, யூனியனை ஒத்துக்கிச்சு, சம்பளமும் ஏத்துச்சு.

அடுத்த ஜனவரில அந்த அட்டை மாட்டின தொழிலாளிங்க போட்டோவைப் போடுங்க. கீழ கோல், வாக்கர் ரெண்டு பேர் பேரும் இருக்கட்டும்.

இப்படிக்கு
உங்க பழைய வாசகி,
மெம்பிஸ், டென்னசி