கொடைக்கானல் ஏரிப் பாசியை வைக்கோல் கொண்டு கட்டுப்படுத்தச் சோதனை முயற்சி கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
ஏரிச் சாலை, கொடைக்கானல்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திண்டுக்கல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1863-இல் லெவிஞ்ச் துரை உருவாக்கிய எங்கள் ஏரி நட்சத்திர வடிவில் கைகளாகப் பிரிந்து கிடப்பதால், குறுகிய முனைகளில் நீர் அசைவின்றித் தேங்குகிறது. கழிவுநீரும், மழையில் சாலையிலிருந்து அடித்து வரப்படும் குதிரைச் சாணமும் அங்கேதான் சேருகின்றன. சென்ற வாரம் அப்படியொரு முனையில் கண்ணாடிப் புட்டியில் நீர் மொண்டு வந்து ஜன்னலோரம் வைத்தேன். மாலைக்குள் பச்சை முழுவதும் மேலேறி, பெயிண்ட் போல வளையமாகப் படிந்தது. மிதக்கும் நீலப்பச்சைப் பாசியின் இயல்பு அது. அதில் சில வகைகள் ஈரலைப் பாதிக்கும் நச்சை உண்டாக்குபவை.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) தூவினால் பாசி விரைவில் சாகும் என்பது உண்மையே. ஆனால் செத்த பாசி தன் நச்சையும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) நீரிலேயே விட்டு, அழுகும்போது உயிர்வாயுவைத் (ஆக்சிஜன்) தீர்த்து மீன்களைக் கொல்லும். செம்பு சேற்றில் தங்கும். மிகைநீர் வெள்ளி நீர்வீழ்ச்சியாகக் கீழே இறங்குகிறது என்பதையும் கருத வேண்டும்.

இங்கிலாந்தின் நீர்த்தேக்கங்களில் 1990-களில் பார்லி வைக்கோலை இட்டுப் பாசியைக் குறைத்துள்ளார்கள். நெல் வைக்கோலும் நீலப்பச்சைப் பாசியை அடக்குவது ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரியவந்துள்ளது. பழனி அடிவாரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. சதுர மீட்டருக்கு 25 கிராம், அதாவது ஹெக்டேருக்கு 250 கிலோ போதும். கூடினால் அதுவே உயிர்வாயுவைத் தின்றுவிடும். கட்டாகப் போட்டால் உள்ளே காற்றுப் புகாமல் நாறும் என்பதால், உதிர்த்து வலைப்பைகளில் தளர்வாக அடைத்து, மிதவை கட்டி, நீர்மட்டத்தை ஒட்டித் தொங்கவிட வேண்டும். இருக்கும் பாசியை அது கொல்லாது, புதிதாகப் பெருகுவதைத்தான் தடுக்கும். குளிர்நீரில் மட்கிப் பலன் தர வாரக்கணக்கில் ஆகுமாதலால், கோடை சீசனுக்கு வெகு முன்பே, ஜனவரியிலேயே இறக்கியாக வேண்டும். (தேற்றாங்கொட்டையை உரைத்தால் போதுமே என்கிறார்கள் நண்பர்கள் சிலர். குடத்து நீரின் கலங்கலுக்கு அது கைகண்ட மருந்து. ஏரிப் பாசிக்கு அல்ல.)

ஆகவே, ஏரியின் ஒரு கையில் மட்டும் ஆறு மாதம் இதைச் சோதிக்கவும், அதுபோன்ற இன்னொரு கையை ஒப்பீட்டுக்காக அப்படியே விடவும், இரண்டிலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மணிச்சத்தையும் உயிர்வாயுவையும் அளக்கவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். கழிவுநீர் வாய்கள் அடைபடாதவரை வைக்கோல் வெறும் ஒத்தடம்தான் என்பதால், சோதனைக்குரிய கையிலாவது அவற்றை முதலில் அடைக்க வேண்டும். பைகளை நிரப்பவும், மட்கியவற்றைக் கரையேற்றவும் நானும் என் பழைய மாணவர்கள் சிலரும் கூலியின்றி வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்