பின்சக்கரத்தைத் தூக்குவது பாதி வேலைகூட இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான சைக்கிள் சாகசக் கட்டுரையை நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகள் பலரும் படித்துவிட்டு வந்தார்கள். படங்கள் அருமை. ஆனால் முன்சக்கரத்தில் மட்டும் நீண்ட தூரம் உருண்டு போகும் 'நோஸ் வீலி' பற்றிய பத்திதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. வேகமாக வந்து முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் பின்சக்கரம் எழும்பிவிடும், மற்றதெல்லாம் துணிச்சல் என்கிறது அந்தப் பத்தி. அதை நம்பி ஒரு சிறுவன் இறங்கினால் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து மணிக்கட்டில்தான் விழுவான்.

பின்சக்கரத்தை எழுப்புவது எளிது. முன் பிரேக் சக்கரத்தைத் தடுக்கும்போது உடம்பும் சைக்கிளும் முன்னால் போகவே பார்க்கும். அதனால் பின்பக்கம் தானாக மேலே வரும். எழுந்த சக்கரத்தை மேலேயே வைத்துக்கொண்டு ஓடுவதில்தான் வித்தை இருக்கிறது. உள்ளங்கையில் கம்பை நிறுத்திக்கொண்டு நடப்பவர், கம்பு சாயும் பக்கமெல்லாம் கையை நகர்த்துவார் அல்லவா? இங்கே அந்தக் கை முன்சக்கரம். பின்பக்கம் தாழத் தொடங்கினால் பிரேக்கை லேசாகத் தொட வேண்டும், சக்கரம் கொஞ்சம் தயங்கும், பின்பக்கம் மறுபடி ஏறும். அளவுக்கு மேல் ஏறினால் பிரேக்கை விட்டுவிட வேண்டும். இதை ஒரே ஒரு விரலால் செய்ய வேண்டும். நான்கு விரலாலும் பிடிப்பவரால் இந்த அளவை உணரவே முடியாது.

கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட விஷயம் ஒன்று உண்டு. பிரேக்கைத் தொடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேகம் போய்விடுகிறது. சமதளத்தில் அந்த வேகம் திரும்பி வராது. ஆகவே பிரேக்கை நம்பியே சக்கரத்தைத் தூக்கி வைத்திருப்பவர் சீக்கிரமே நின்றுபோவார். நீண்ட தூரம் போகிறவர்கள் உடம்பின் எடையை முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே, ஒரு மயிரிழை பின்னால் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். அங்கே இருந்தால் பின்பக்கம் மெல்லத்தான் தாழும், அதை மீட்க ஒரு சின்னத் தொடுதல் போதும். அந்த இடத்தைத் தாண்டி எடை முன்னால் போய்விட்டால் பிரேக்கால் காப்பாற்ற முடியாது. கைகளை நீட்டி இடுப்பைப் பின்னுக்குத் தள்ளினால் மட்டும் பிழைக்கலாம். பிரேக்கே இல்லாத பிஎம்எக்ஸ் சைக்கிளில் (சாகசத்துக்கு ஏற்ற, சின்னச் சக்கரச் சைக்கிள்) 'நோஸ் மேனுவல்', அதாவது பிரேக் இல்லாமலே முன்சக்கரத்தில் உருளும் வித்தை, செய்பவர்கள் முழுக்க இந்தக் கையையும் இடுப்பையும் வைத்துத்தான் சமாளிக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் வியப்புதான்.

இன்னொன்று, பக்கவாட்டுச் சமநிலை. சாதாரணமாக ஓட்டும்போது முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளி, ஸ்டீயரிங் அச்சு (ஹேண்டில் எந்தக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறதோ அது) நீட்டினால் தரையைச் சந்திக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அதனால்தான் ஹேண்டில் நேராக நிற்க முயல்கிறது. பின்சக்கரம் ஏற ஏற அந்த அச்சு நிமிர்ந்துகொண்டே போகும். பிஎம்எக்ஸ் சைக்கிளில் அது தரையோடு ஏறத்தாழ 75 டிகிரி கோணத்தில் இருப்பதால், சைக்கிள் 15 டிகிரி முன்னால் சாய்ந்தாலே செங்குத்தாகிவிடும். ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையின்) முன்வளைவு காரணமாக அப்போது சக்கரம் தொடும் புள்ளி அச்சுக்கு முன்னால் வந்துவிடுகிறது. நேராக்க உதவிய அதே ஹேண்டில் இப்போது பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளத் துடிக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் 'ஹேண்டில் தானாக இழுக்கிறது' என்று சொல்வது இதனால்தான்; சைக்கிளில் பழுது ஏதும் இல்லை. தரைத்தள வித்தைகளுக்கான பிளாட்லேண்ட் சைக்கிள்களில் முன்வளைவே இல்லாத, அல்லது மிகக் குறைவான ஃபோர்க்கைப் போடுவதும் இதற்காகத்தான். பார்வையும் முக்கியம். சக்கரத்தையே குனிந்து பார்த்தால் தோள்கள் சரிந்துவிடும், ஹேண்டிலும் கூடவே திரும்பும். சில மீட்டர் முன்னால் பார்க்கப் பழக வேண்டும்.

சரி, பழகுவது எப்படி? என் பயிற்சியில் முதல் பாடம் இறங்குவது. நடக்கும் வேகத்தில் முன் பிரேக்கைத் தொட்டு, பின்சக்கரம் ஒரு சாண் எழுந்ததும் விட்டு, இறங்கிவிட வேண்டும். அடுத்தது, அளவுக்கு மேல் எழுந்துவிட்டால் ஹேண்டில்பாரைத் தாண்டிக் கால் ஊன்றி நிற்பது. இது கூச்சமோ யோசனையோ இல்லாமல் வரும் வரைக்கும் வேகத்தைக் கூட்ட நான் விடுவதில்லை. காரணம் எளிது: தப்பிக்கும் வழி தெரியாத உடம்பு பயத்தில் பின்னாலேயே உட்கார்ந்துவிடும், சமநிலைப் புள்ளிக்கு வரவே வராது. இறங்கத் தெரிந்த பிள்ளைகள்தான் சீக்கிரம் தூரம் போகிறார்கள். அப்புறம் மெதுவான சரிவில் பழகலாம். பிரேக் தின்ற வேகத்தைச் சரிவு திருப்பிக் கொடுக்கும். சீட்டை நன்றாக இறக்கி, காலை உடனே எடுக்க வசதியான தட்டைப் பெடல் போட்டுக்கொள்ள வேண்டும். ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம் இல்லாமல் யாரும் தொடங்கவே கூடாது.

கட்டுரையில் ஒரு தகவலையும் திருத்த வேண்டும். இந்த வித்தைகள் ஒலிம்பிக் போட்டியாகிவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட பிஎம்எக்ஸ் ஃப்ரீஸ்டைல் (வித்தைப் போட்டி), 'பார்க்' என்ற பிரிவு. அதில் சரிவுமேடைகளில் பாய்ந்து காற்றில் செய்யும் வித்தைகளுக்குத்தான் முதலிடம். 2024 பாரிஸிலும் பார்க் மட்டுமே நடந்தது. ஒரு சக்கரத்தில் நின்றும் சுழன்றும் செய்யும் பிளாட்லேண்டுக்கு உலக சாம்பியன்ஷிப் உண்டு, ஒலிம்பிக் இடம் இன்னும் கிடைக்கவில்லை. அந்த ஆட்டக்காரர்களின் பொறுமைக்கு உரிய பெயரைக் கொடுப்பதே நியாயம்.

அடுத்த இதழில் இந்தப் படிகளை வரிசையாக, படங்களோடு வெளியிட வேண்டுகிறேன். கூடவே ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாக, பழகுமுன் பார்க்க வேண்டியவற்றையும் சேருங்கள்: முன்சக்கர நட்டு இறுகியிருக்கிறதா, ஹெட்செட்டில் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கில்) ஆட்டம் இருக்கிறதா, பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கின்றனவா, ரிம்மிலோ டிஸ்க்கிலோ எண்ணெய் படிந்திருக்கிறதா. எண்ணெய் பட்ட பிரேக் முதலில் வழுக்கிவிட்டு, பிறகு திடீரென்று பிடித்துக்கொள்ளும். ஒரு விரல் அளவில் விளையாடும் வித்தைக்கு அது ஆபத்து.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர், சைக்கிள் பயிற்சியாளர்