அப்பா கேட்ட அந்த போல்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? போன வியாழக்கிழமை ராத்திரி போனில் ஒன்று கேட்டீர்கள், "கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் டர்பைனை யாருடா நிறுத்துவது, போல்ட் இருக்கா இல்லையா?" என்று. மெஸ் மூடும் நேரம், அவசரத்தில் "அதெல்லாம் இருக்குப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது சரியான பதில் இல்லை. வேகம் எல்லை தாண்டினால் டர்பைனை நிறுத்துகிற உங்கள் நெய்வேலி போல்ட் இங்கே இல்லை. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பது போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஓமானில் இப்போது குளிர்காலம், எங்கள் மின்நிலையம் இருக்கும் சோஹார் பக்கம் காலையில் ஸ்வெட்டர் போடலாம்போல இருக்கிறது. ஊரெல்லாம் ஏசியை அணைத்துவிடுவதால் லோடு குறைந்துவிடும், மெஷினை நிறுத்தி வேலை பார்க்க இதுதான் காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12.30 முதல் 3.30 வரை வெயிலில் வேலை செய்யவே அரசாங்கம் விடாது, அந்த மாதங்களில் மெஷினும் நிற்கக் கூடாது. ஆக எங்களுக்குத் தீபாவளி முடிந்தால் அவுட்டேஜ் சீசன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நெய்வேலி சோவியத் மெஷினில் தண்டுக்குள்ளேயே ஸ்பிரிங் பிடித்து வைத்திருந்த போல்ட், வேகம் எல்லை தாண்டினால் வெளியே துள்ளி லீவரை அடிக்கும், எண்ணெய் வடியும், வால்வு மூடும். அந்தச் சோதனை நாளில் நீங்கள் சாப்பிடாமல் போவீர்கள் என்று அம்மா சொல்லும். 3000 சுற்றில் ஓடுகிற மெஷினை வேண்டுமென்றே 3300 வரை ஏற்றி, போல்ட் துள்ளுமா என்று பக்கத்திலேயே நின்று பார்ப்பது லேசான காரியமா? வேகம் 10 சதவீதம் ஏறினால் பிளேடை வெளியே இழுக்கும் விசை 21 சதவீதம் ஏறுகிறது.

எங்கள் மெஷின் கேஸ் டர்பைன், இதுவும் 3000தான். கண்ட்ரோலுக்கு மார்க் சிக்ஸ் இ என்ற கம்ப்யூட்டர். ஆர், எஸ், டி என்று மூன்று கண்ட்ரோலர், மூன்றில் இரண்டு என்ன சொல்கிறதோ அதுதான் நடக்கும். ஃபுல் லோடில் ஓடும்போது ஜெனரேட்டரை மின்லைனோடு இணைக்கும் பிரேக்கர் திறந்துகொண்டால் தண்டைப் பிடித்து வைத்திருந்த பாரம் ஒரே நொடியில் போய்விடும், வேகம் எகிறும், அதைக் கவனிப்பதும் அந்த மூன்றின் வேலைதான். நீங்கள் கேட்டது அந்த மூன்றுமே சொதப்பினால் என்ன என்று. அதற்குத்தான் தனியாக இன்னொரு மூன்று. ஆர்8, எஸ்8, டி8 என்று பேர், நாங்கள் 'பிப்ரோ' என்போம். உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் பெட்டிகள். இவற்றுக்கு வேகம் பார்க்கும் சென்சார் தனி, கேபிள் தனி, உள்ளே ஓடுகிற மூளையும் தனி. மெயின் கண்ட்ரோலர் என்ன நினைக்கிறது என்று இவை கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. வேகம் எல்லையைத் தாண்டியதா, மூன்றில் இரண்டு ஆமாம் என்றால் டிரிப், மெஷின் உடனே நிற்கும், அவ்வளவுதான்.

டிரிப் சாலினாய்டுக்கு, அதாவது கரண்ட் இருக்கும்வரை வால்வை மூடவிடாமல் வைத்திருக்கும் மின்காந்தக் காயிலுக்கு, 125 வோல்ட் டிசி போகிறது இல்லையா, அதன் பாசிட்டிவ் பக்கத்தை இந்தப் பிப்ரோக்களின் ரிலே பிடித்திருக்கும், நெகட்டிவ் பக்கத்தை மெயின் கண்ட்ரோலின் ரிலே. எந்தக் கை விட்டாலும் காயில் செத்துவிடும், எண்ணெய் வடிந்து எரிவாயு வால்வு ஸ்பிரிங்கில் மூடிக்கொள்ளும். கரண்ட் போனாலும் மூடும், ஒயர் அறுந்தாலும் மூடும். உங்கள் போல்ட்டுக்குக் கரண்ட்டே வேண்டாம், அந்தப் பெருமை அதற்கு உண்டு. ஆனால் இங்கே மெஷின் நிற்கும்போதே பொய்யாக வேக சிக்னல் கொடுத்துப் பெட்டியைச் சோதித்துவிடலாம், ரோட்டரை வதைக்க வேண்டாம்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் டிசம்பரில் நடந்த ஒன்று. உங்களிடம் சொல்லவில்லை, கவலைப்படுவீர்கள் என்று. ராத்திரி ஷிப்டில் அலாரம் வந்தது: ஆர்8 வேகம் பூஜ்யம் என்கிறது, எஸ்8ம் டி8ம் 3000 என்கின்றன. மெஷின் பாட்டுக்கு ஓடுகிறது. ஆனால் இனி இன்னொன்று இப்படிச் செத்தால் டிரிப், புரொடக்‌ஷன்காரர்களுக்கு அந்தப் பயம். விடிந்ததும் மேலே இருந்து ஒருவர் வந்து, எஸ்8 சென்சார் ஒயரிலிருந்தே ஆர்8க்கும் ஒரு ஜம்பர் போட்டுவிடு, அலாரம் போய்விடும், அவுட்டேஜில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மரியாதையான மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் கை வரவில்லை. ஸ்கிரீனில் மூன்று கண் தெரியும், இருப்பது இரண்டு. அதிலும் அந்த எஸ்8 சென்சார் ஒன்று முழுதாகச் சாகாமல் வேகத்தைக் குறைத்துக் காட்டினால் மூன்று ஓட்டில் இரண்டு தப்பாகிவிடும், நிஜமாகவே வேகம் எகிறும் நாளில் டி8 தனியாகக் கத்தி என்ன பயன்?

வேலை போனாலும் பரவாயில்லை என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு, போட மாட்டேன், எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதித் தரவில்லை. சூப்பரின்டென்டென்ட் என் பக்கம் நின்றார். வெள்ளிக்கிழமை லோடு குறைந்ததும் மெஷினை இறக்கினோம்.

திறந்து பார்த்தால் கேபிளின் உறை ஒரு கிளாம்ப் விளிம்பில் உரசி உரசி உள்ளே செம்பு பளிச்சென்று தெரிகிறது, நகக்கண் அளவு இடம். இவ்வளவுக்குத்தான் அத்தனை கூத்து. கேபிளையும் சென்சாரையும் மாற்றினோம். தண்டில் 60 பல் உள்ள சக்கரம், 3000 சுற்றில் நொடிக்கு 3000 துடிப்பு, கணக்கு அழகாக ஒன்றுக்கு ஒன்று விழும். சென்சாருக்கும் பல்லுக்கும் இடைவெளி 50 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 50 பங்கு, ஏறக்குறைய ஒன்றேகால் மில்லிமீட்டர் வைக்க வேண்டும். என்னோடு இருந்த ஓமானிப் பையன் நேராகத் திருகப் போனான், நிறுத்தினேன். சென்சார் முனை பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தால் அளவு சரியாக இருப்பதுபோலவே தெரியும், மெஷின் சுற்றிய முதல் சுற்றிலேயே பல் வந்து முனையைச் சீவிவிடும். டார்ச் அடித்து, தண்டை மெல்ல நகர்த்தி, பல்லின் உச்சி நேர் எதிரே வந்த பிறகு, விமானம் ஏறும் அன்று நீங்கள் என் பெட்டியில் வைத்துவிட்ட ஃபில்லர் கேஜை எடுத்தேன். ஒரு மில்லிமீட்டர் தகடும் கால் மில்லிமீட்டர் தகடும் சேர்த்து நுழைத்தேன். வெண்ணெயில் கத்தி போவதுபோல் லேசாகப் பிடித்துக்கொண்டு போனது. அப்புறம் செக்நட்டை இறுக்கி, மறுபடியும் ஒரு முறை அளந்தோம்.

அந்தப் பையன் கேட்டான், சென்சார் சரியாகிவிட்டது, சாலினாய்டை எதற்குச் சோதிக்கிறோம் என்று. அவனுக்கு சேலம் கதையைச் சொன்னேன், நம் சேலம் இல்லை, அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கும் சேலம் அணுமின் நிலையம். 1991 நவம்பர் 9, இரண்டாம் யூனிட்டில் டர்பைன் பாதுகாப்பைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள், அதற்காக மெக்கானிக்கல் டிரிப்பை லீவரில் ஒதுக்கிப் பிடித்திருந்த நேரம் பார்த்து பிரேக்கர் திறந்துகொண்டது. காப்பாற்ற வேண்டிய சாலினாய்டுகள் உள்ளே சிக்கிக்கொண்டு அசையவில்லை. 1800 சுற்றில் ஓட வேண்டியது ஏறக்குறைய 2900க்குப் போய், பிளேடுகள் உறையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தன, தீயும் பிடித்தது. பெட்டி எத்தனை புத்திசாலியாக இருந்தாலும் கடைசியில் ஒரு இரும்புத் துண்டு நகர்ந்தாக வேண்டும் அப்பா. அதனால் ஒவ்வொரு சாலினாய்டாக டிரிப் அடித்து, எண்ணெய் அழுத்தம் விழுவதைக் கண்ணால் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டோம்.

அந்தப் பையன் இப்போது உங்களைப் பற்றியே கேட்கிறான். சொன்ன வேகத்தில் போல்ட் துள்ளாமல் நீங்கள் கையால் டிரிப் லீவரை அடித்தீர்களே ஒரு முறை, நான் சின்னப் பையன், அரைகுறையாகத்தான் ஞாபகம். எத்தனை சுற்றில் அடித்தீர்கள், பிறகு போல்ட்டைக் கழற்றியபோது உள்ளே என்ன இருந்தது, இதை மட்டும் எழுதுங்கள். தங்கையிடம் சொன்னால் டைப் பண்ணி அனுப்பிவிடுவாள், நான் அவனுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

மாடிக்குப் பணம் 5ஆம் தேதிக்குள் வந்துவிடும். மேஸ்திரியை அவசரப்படுத்த வேண்டாம், கம்பி கட்டியதை நீங்கள் ஏறிப் பார்த்த பிறகு கான்கிரீட் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்