20 நிமிடத்தில் கோ-கோ வாசிக்க முடியாது

வாஷிங்டன் நகரக் கோடை விழாக்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இறுதியில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். இந்நகரில் பிறந்த தாள இசையான கோ-கோவை வாசிக்கும் பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு மேடை 20 நிமிடம். தாள வாத்தியங்களுக்கு நான்கே மைக். நான்கும் டிரம் செட்டுக்கே போய்விட்டன.

கையால் தட்டும் உயரமான டிரம்மான கொங்காவுக்கு மைக் இல்லாவிட்டால் கிக் டிரம்மும் பேஸும் மட்டும் ஸ்பீக்கரில் முழங்கும். கொங்காவின் ஒலி மேடையை விட்டே இறங்காது. 'பாக்கெட்' என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் தாளக்கட்டு அதோடு போய்விடும். கூட்டத்தின் காதில் விழுவது வெறும் ஃபங்க் என்னும் நடன இசை. கொங்காவுக்கு இரண்டு, குச்சியால் அடிக்கும் சிறு டிரம்மான ரோட்டோடாமுக்கு ஒன்று, அதுபோன்ற டிம்பாலிக்கும் உலோக மணியான கௌபெல்லுக்கும் சேர்த்து ஒன்று என நான்கு மைக் கூடுதலாக வேண்டும். கொங்கா மைக்கைக் கை இடிக்காதபடி தோலுக்கு அரைச் சாண் மேலே நிறுத்த வேண்டும். மாட்டுத்தோல் கொங்கா இந்த ஊர் ஜூலைப் புழுக்கத்தில் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். ஸ்பேனரால் முறுக்கிச் சரிசெய்யப் பத்து நிமிடமாவது ஆகும். அதையும் அந்த 20-க்குள் கழித்தீர்கள்.

நேரம்தான் பெரிய குறை. ஒரு பாட்டு முடிந்ததும் ஆடுபவர்கள் கலைந்துவிடக் கூடாதென்று, 1970-களில் கோ-கோவின் முன்னோடியான பாடகர் சக் பிரவுன் பாட்டுகளுக்கு இடைப்பட்ட நேரத்தைத் தாளத்தால் நிரப்பினார். நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதுதான் கோ-கோ. மேடையிலிருந்து கூட்டத்தோடு பேசும் 'லீட் டாக்கர்' பேட்டை பேட்டையாகப் பெயர் சொல்லி அழைக்க, கூட்டம் எதிர்க்குரல் கொடுத்துச் சூடேறவே கால் மணி நேரம் பிடிக்கும். சூடேறிய நேரம் பார்த்து மின்சாரத்தை நிறுத்தினீர்கள். 90 நிமிடம் தாருங்கள், நடுவில் வெட்டாமல்.

2020-இல் கோ-கோவை நகரின் அதிகாரபூர்வ இசை என்று சட்டம் செய்தது இதே நகரம். அதற்கு முந்தைய ஆண்டுதான், ஷா பகுதியில் ஏழாம் தெருவும் ஃப்ளோரிடா அவென்யூவும் சந்திக்கும் முனையில் ஒரு செல்போன் கடை பல்லாண்டாக ஒலிக்கவிட்ட கோ-கோவைப் புதுக் குடியிருப்பிலிருந்து போன புகார் நிறுத்தியது. மக்கள் தெருவில் திரண்ட பிறகே மறுபடி ஒலித்தது. வாடகை ஏறிப் பழைய குடும்பங்கள் வெளியேறிவிட்டன. கோ-கோ வாசித்த கிளப்புகள் பல மூடிவிட்டன. திறந்தவெளி மேடையையும் சுருக்கினால் இளம் குழுக்கள் எங்கே வாசித்துப் பழகும்?

கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்தருள்க. அடுத்த விழாவின் நிகழ்ச்சி நிரல் முடிவாகும் முன், 90 நிமிடமும் கூடுதலாக நான்கு மைக்கும் உண்டு என்று எழுத்தில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கோ-கோ குழுக்களுக்கு மேடை ஒலி அமைப்பவர்கள்