ராக்கெட்டைப் பற்றவைத்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த விண்வெளிக் கதையை இரண்டு முறை படித்தேன். 1944லேயே ஜெர்மானியர்கள் ஒரு மனிதனை ரகசியமாக விண்ணுக்கு அனுப்பிவிட்டார்கள், போருக்குப் பிறகு எல்லா நாடுகளும் சேர்ந்து அதை மறைத்துவிட்டன என்று போகிறது கற்பனை. விறுவிறுப்பாக எழுதியிருக்கிறார். நடந்ததை மாற்றிப்போட்டு எழுதும் கதைகள் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை: "மலைக்குள் ராக்கெட்டுகள் உருவாகிக்கொண்டிருந்தன."

ராக்கெட் தானாக உருவாகாது ஐயா. தகட்டை வெட்ட, வளைக்க, பற்றவைக்க ஆள் வேண்டும். கொதிகலன் தொழிற்சாலையில் 31 வருடம் வெல்டராக இருந்தவன் நான். கதையில் விஞ்ஞானிகள் வருகிறார்கள், அதிகாரிகள் வருகிறார்கள், ஒரு உளவாளி வருகிறார். மலைக்குள் கையில் கருவி பிடித்தவர்கள் யார் என்று ஒரு சொல் இல்லை.

அந்த மலையை நான் பார்த்திருக்கிறேன். 2018ல் மகள் வீட்டுக்கு ஜெர்மனி போயிருந்தபோது, மருமகன் என்னை நார்ட்ஹவுசன் என்ற ஊருக்குக் கூட்டிப்போனார். பக்கத்தில் கோன்ஸ்டைன் என்று ஒரு குன்று. வெளியே நல்ல வெயில். சுரங்கத்துக்குள் காலெடுத்து வைத்தால் பல் கிட்டிக்கும் குளிர். தரையில் துருப்பிடித்த ராக்கெட் பாகங்கள் அப்படியே கிடக்கின்றன. பழக்கதோஷத்தில் குனிந்து ஜாயின்ட்டுகளைத்தான் பார்த்தேன்.

1943 ஆகஸ்டில் பீனமுண்டே ராக்கெட் தளத்தின் மேல் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டன. அதனால் ஜெர்மானியர்கள் வி-2 என்ற போர் ராக்கெட்டின் உற்பத்தியை இந்தக் குன்றுக்குள் கொண்டுவந்தார்கள். அதே மாதக் கடைசியில் புக்கன்வால்டு வதைமுகாமிலிருந்து முதல் கைதிகள் வந்து இறங்கினார்கள். அதுதான் டோரா முகாம். ரஷ்யர், போலந்துக்காரர், பிரெஞ்சுக்காரர் என்று பல நாட்டு ஆட்கள். முதல் சில மாதங்கள் தூக்கமும் சுரங்கத்துக்குள்ளேயேதான், நான்கு அடுக்குப் பலகைகளில். பக்கத்திலேயே பாறைக்கு வெடி வைப்பார்கள். கழிப்பறை என்றால் பாதியாக அறுத்த எண்ணெய் டிரம். வாரக்கணக்கில் சூரியனையே பார்க்காதவர்கள் உண்டு. வி-2 எரித்தது உருளைக்கிழங்கிலிருந்து வடித்த ஆல்கஹாலும் திரவ ஆக்சிஜனும். அதைச் செய்தவர்களுக்குக் கிடைத்தது நீர்த்த சூப்பும் ரொட்டித் துண்டும். டோராவிலும் அதன் கிளை முகாம்களிலும் சுமார் 60,000 பேர் அடைபட்டார்கள். ஏறக்குறைய 20,000 பேர் திரும்பவில்லை. அந்த ராக்கெட் விழுந்து செத்தவர்களைவிட அதைச் செய்யும்போது செத்தவர்கள் அதிகம்.

எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு ஜாயின்ட் பக்கத்திலும் அதைப் போட்ட வெல்டரின் நம்பரைப் பஞ்ச் அடிப்போம். ஒருமுறை நான் போட்ட ஜாயின்ட் எக்ஸ்ரேயில் ஃபெயில் ஆகிவிட்டது. ஃபோர்மேன் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கிரைண்ட் பண்ணி எடுத்துவிட்டு மறுநாள் திரும்பப் போட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தண்டனை. டோராவிலும் ஆளுக்கு ஒரு நம்பர், சட்டையில் தைத்திருக்கும். ஸ்க்ரூவை லூசாக விட்டான், வெல்டிங்கை வேண்டுமென்றே மோசமாகப் போட்டான் என்று சந்தேகம் வந்தால் தூக்கு. 1945 மார்ச்சில், சுரங்கத்துக்குள்ளேயே, ராக்கெட்டைத் தூக்கும் கிரேனில் கட்டித் தொங்கவிட்டார்கள், மற்றவர்கள் பார்க்க. இதை வழிகாட்டி சொன்னபோது என் மருமகன் தமிழில் எனக்குச் சொல்ல முடியாமல் நிறுத்திவிட்டார்.

கதாசிரியர் 1944ஐ ஏன் எடுத்தார் என்று புரிகிறது. அந்த வருடம் ஜூன் 20ஆம் தேதி ஏவிய ஒரு வி-2 நேர் மேலே 170 கிலோமீட்டருக்கும் மேல் போனது. விண்வெளி என்று இன்று சொல்லும் 100 கிலோமீட்டர் எல்லையைத் தாண்டிய முதல் மனிதப் படைப்பு அதுதான். இது கற்பனை இல்லை. அது எழும்பிய அன்றும் குன்றுக்குள் ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது.

மறைத்தார்கள் என்று கதை சொல்வதும் ஒருவகையில் உண்மைதான். டோராவில் உற்பத்தியை நடத்திய ஆர்தர் ருடால்ஃப், பிறகு அமெரிக்கா போய், நிலாவுக்கு ஆள் அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் திட்ட மேலாளரானார். கைதிகள் விஷயத்தில் விசாரணை வந்து, 1984ல்தான் அந்த நாட்டிலிருந்து வெளியேறி, குடியுரிமையையும் விட்டார்.

கதாசிரியர் அடுத்த கதை எழுதுவாரானால் ஓர் இடத்தைக் காட்ட ஆசைப்படுகிறேன். சோவியத் ராக்கெட்டுகளை வடிவமைத்த செர்கெய் கொரொல்யோவ், 1938ல் பொய்க் குற்றச்சாட்டில் கைதாகி, சைபீரியாவின் கோலிமா தங்கச் சுரங்கத்தில் கட்டாய வேலை செய்து பற்களை இழந்தவர். 1944ல்தான் விடுதலை. 1945ல் ராணுவச் சீருடையோடு அவர் வந்து இறங்கியது இதே நார்ட்ஹவுசன் பக்கம், வி-2வைப் படித்துக்கொள்ள. ஒரு சுரங்கத்திலிருந்து பிழைத்தவர் இன்னொரு சுரங்கத்துக்கு வருகிறார். அவர் ராக்கெட்டில்தான் 1957ல் முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் போனது, 1961ல் விண்ணுக்கு முதல் மனிதர் ககாரின் போனார். அப்போதும் 1966ல் சாகும்வரை அவர் பெயரை வெளியே சொல்லவில்லை. "தலைமை வடிவமைப்பாளர்", அவ்வளவுதான். டோராவில் பிழைத்த ஒரு வெல்டரும் அவரும் எதிரெதிரே நின்றிருந்தால் என்ன பேசியிருப்பார்கள்? நாலு நாளாக இதுதான் என் மண்டைக்குள் ஓடுகிறது. எனக்கு எழுத வராது. கதாசிரியருக்கு வரும்.

அப்படி எழுதினால், அந்த வெல்டருக்கு நம்பர் வேண்டாம், ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டர்,
திருவெறும்பூர், திருச்சி.